பல்லை அளந்து பார்த்த மனிதர்: ஜி.வி. பிளாக்

மலர்க் குழுவிலிருந்து கட்டுரை கேட்டு போன் வந்த நேரத்தில் நான் ஒரு பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி மல்லாந்து கிடந்தேன். போனைக் காதில் வைக்க முடிந்ததே தவிர, பேசுவதற்கு வாய் என் வசத்தில் இல்லை. நான் ம்ம் என்று முனகியதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டு அண்ணன் வைத்துவிட்டார். ஆகவே இந்தக் கட்டுரையும் பல்லைப் பற்றியதாகவே அமைந்துவிட்டது. பொறியியல் படித்தவனுக்குப் பல்லில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். நான் சொல்லப் போகிற மனிதர் டாக்டராக வாழ்ந்தாலும், நம்ம மெட்டீரியல்ஸ் லேபில் உட்கார்ந்திருக்க வேண்டியவர்.

முதலில் எங்க ஊர்க் கதை. கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் இறங்கிக் கிழக்கே கடலைப் பார்த்துப் போனால் நல்லவாடு. 2004 சுனாமியின்போது கிராமத் தகவல் மையத்து ஒலிபெருக்கியில் முன்கூட்டியே எச்சரித்து ஊரே தப்பியது என்று சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்த ஊர்தான். எங்க அப்பா கடல் தொழில் செய்தவர். வலை பின்னுகிறவர்களுக்குப் பல்லும் ஒரு ஆயுதம். நைலான் நூலைக் கத்தி தேடி அறுப்பதில்லை, கடைவாயில் வைத்து ஒரே கடி. சொத்தை வந்தால் முதலில் கிராம்பு, பிறகு ஒரு துணுக்குப் புகையிலை, அதுவும் கேட்காவிட்டால் பிடுங்கிப் போடுவது. இதுதான் ஊர் வைத்தியம்.

அப்பா கொஞ்சம் முன்னேற்றமானவர். கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்ததுமே போய் வெள்ளி அடைத்துக்கொண்டு வந்துவிட்டார். எங்க தெருவிலேயே முதல் ஆள். வாயைத் திறந்து எல்லோருக்கும் காட்டுவார். பத்துப் பன்னிரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் முறுக்கு கடிக்கும்போது பல்லின் ஒரு பக்கச் சுவர் அப்படியே பிளந்து வந்தது. உள்ளே இருந்த வெள்ளி அசையவில்லை, பல்தான் உடைந்தது. கடைசியில் பிடுங்க வேண்டியதாயிற்று. சின்னப் புள்ளிக்காகப் பல்லைக் குடைஞ்சு குடைஞ்சே காலி பண்ணிட்டாங்க என்று அப்பா கடைசிவரை ஆதங்கப்பட்டார்.

அவர் சொன்னதில் பாதி சரி. ஆனால் குடைந்தவர் மீது தப்பில்லை. கல்லூரியில் தனக்குச் சொல்லிக்கொடுத்த அளவுப்படிதான் அவர் வெட்டியிருக்கிறார். அந்த அளவை யார் வைத்தது என்று தேடிக்கொண்டு போனபோதுதான் கிரீன் வார்டிமன் பிளாக் என்ற பெயரில் வந்து நின்றேன். பல் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கு அவர் ஜி.வி. பிளாக். நமக்கு நியூட்டன் மாதிரி, அவர்களுக்கு அவர்.

பிளாக் 1836 ஆகஸ்டு 3-ஆம் தேதி அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வின்செஸ்டர் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் போன காலத்தைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு வருஷம் தேறாது. காடு, வயல், ஓடை என்று சுற்றிய பையன். பதினேழு வயதில் வீட்டார் அவரை டாக்டராக இருந்த அண்ணன் தாமஸிடம் அனுப்பினார்கள். அண்ணனின் புத்தகங்களைப் படிப்பது, கூடப்போய் நோயாளிகளைப் பார்ப்பது, இதுதான் படிப்பு. 1857-இல் ஸ்பியர் என்ற பல் வைத்தியரிடம் சில மாதங்கள் தொழில் கற்றார். அந்தக் காலத்தில் அதுவே போதும். சொந்த ஊர்ப் பக்கம் திரும்பி வின்செஸ்டரில் பலகை மாட்டிவிட்டார்.

பிறகு உள்நாட்டுப் போர். வடக்குப் படையில் சேர்ந்து வேவு பார்க்கும் வேலை செய்தார். முழங்காலில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பினார். இதற்கிடையே முதல் மனைவியும் இறந்துபோனார். 1864-இல் ஜாக்சன்வில் என்ற சிறு நகரத்துக்குக் குடிபெயர்ந்து, மறு வருஷம் மறுமணம் செய்துகொண்டு, முப்பத்து மூன்று வருஷம் அங்கேயே தொழில் பார்த்தார். காலால் மிதித்து ஓட்டும் துளைக்கருவி ஒன்றைத் தானே செய்துகொண்டார். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே பல்லில் துளை போடுவதைக் கற்பனை செய்து பாருங்கள். மயக்க ஊசி கிடையாது. நாற்காலியில் கிடப்பவரின் நிலைமையையும் சேர்த்தே கற்பனை செய்யலாம்.

1870 முதல் செயின்ட் லூயி நகரத்துப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போய் வகுப்பெடுத்தார். கல்லூரியில் படிக்காதவர் கல்லூரியில் பாடம் நடத்தினார்! பட்டங்கள் எல்லாம் பின்னால் அவரைத் தேடி வந்த கௌரவப் பட்டங்கள்தான். அரியர்ஸ் வைத்திருக்கும் தம்பிகள் இதை ஆதாரமாகக் காட்ட வேண்டாம். அவர் வீட்டில் ராத்திரி ராத்திரியாக மைக்ராஸ்கோப்புடன் உட்கார்ந்தவர்.

பிளாக் செய்த வேலையின் அருமை தெரிய அன்றைய நிலவரம் கொஞ்சம் தெரிய வேண்டும். சொத்தைப் பல்லை அடைக்க நல்ல பொருள் என்றால் தங்கத் தகடு. அதை ஏழை வாங்க முடியாது. 1833-இல் நியூயார்க்குக்கு வந்த குரோகூர் சகோதரர்கள் என்ற இருவர், வெள்ளியும் பாதரசமும் கலந்த மலிவான கலவை ஒன்றைப் பெரிய விளம்பரத்தோடு விற்றார்கள். அதுதான் அமால்கம். சொத்தையைக்கூடச் சுத்தம் செய்யாமல் பிசைந்து அடைத்து அனுப்பிவிடுவார்கள். கொதித்துப்போன பல் வைத்தியர் சங்கம், அமால்கம் தொடமாட்டேன் என்று கையெழுத்து போடாதவர்களுக்கு உறுப்பினர் பதவி இல்லை என்று 1840-களில் சட்டம் போட்டது. அமால்கம் யுத்தம் என்றே அதற்குப் பெயர். கடைசியில் அந்தச் சங்கமே 1856-இல் கலைந்துபோனது. அதற்குப் பிறகும் பல வருஷம் அமால்கம் நல்லதா கெட்டதா என்று ஆளாளுக்கு ஒரு கட்சி. யாரும் அளந்து பார்க்கவில்லை.

பிளாக் அளந்தார். எனக்கு இவர் மேல் மரியாதை வந்த இடம் இதுதான். விதவிதமான விகிதத்தில் உலோகங்களை உருக்கி, சின்னச் சின்ன அச்சுகளில் அடைத்து, இறுகும்போது சுருங்குகிறதா விரிகிறதா என்று மைக்ரோமீட்டரால் பார்த்தார். சுருங்கினால் ஓரத்தில் இடைவெளி விழும், எச்சில் உள்ளே போகும், மறுபடி சொத்தை வரும். அதிகம் விரிந்தால் பல்லைப் பிளக்கும் அல்லது மேலே பிதுங்கும். அராவி எடுத்த உலோகத்தூள் புதுசாக இருப்பதற்கும் சூடுபட்டுப் பழசாவதற்கும் நடத்தை மாறுகிறது என்பதைக்கூடக் கண்டுபிடித்தார். 1895, 1896-இல் முடிவுகளை வெளியிட்டார். வெள்ளி ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, மீதி பெரும்பாலும் வெள்ளீயம், கொஞ்சம் செம்பு. அதைப் பாதரசத்தோடு அரைத்தால் அதிகம் சுருங்காது, அதிகம் விரியாது. 1960-களில் செம்பு அதிகமுள்ள கலவை வரும்வரை உலகமெங்கும் கடைவாய்ப் பல்லில் போனது இந்தக் கணக்குதான்.

அடுத்து, கடிக்கும் விசை எவ்வளவு என்று பார்க்க ஸ்பிரிங் வைத்த ஒரு கருவி செய்து, ஆட்களைப் பிடித்துக் கடிக்கச் சொன்னார். கடைவாயில் சராசரியாக 170 பவுண்டு அளவில் வந்தது. அதாவது முக்கால் குவிண்டாலுக்கு மேல். நம்ம லேபில் யூ.டி.எம். மெஷினில் கம்பியை இழுத்து முறித்தவர்களுக்கு இந்த ஆசை புரியும். எந்தப் பொருளையும் ஒரு தடவை நசுக்கிப் பார்த்தால்தான் மனசு ஆறும்.

இன்னொரு நம்பிக்கையையும் அவர் சோதித்தார். சிலருக்குப் பல் கெட்டி, சிலருக்கு மெத்து, மெத்துப் பல்தான் சொத்தையாகிறது என்று டாக்டர்களே நம்பினார்கள். எங்க ஆத்தாவும் அப்படித்தான் சொல்லும். பிளாக் பிடுங்கிய பற்களை எடுத்து அடர்த்தியையும் வலிமையையும் அளந்தார். சொத்தையான பல்லுக்கும் ஆகாத பல்லுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. காரணம் பல்லுக்குள் இல்லை, பல்லின் மேல் ஒட்டிக்கிடக்கும் கிருமிப் படலத்தில் இருக்கிறது என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

இனி அப்பாவின் பல்லுக்கு வருகிறேன். 1891-இல் தொடங்கி 1908-இல் இரண்டு பாகமாக வந்த தம் பெரிய நூல் வரை, சொத்தையை எப்படி வெட்ட வேண்டும் என்று பிளாக் விதி வகுத்தார். எந்த இடத்துச் சொத்தை என்பதை வைத்து ஐந்து வகுப்பு. கடைவாய்ப் பல்லின் மேல்பள்ளத்தில் வந்தால் முதல் வகுப்பு, இரண்டு கடைவாய்ப் பற்கள் உரசும் இடுக்கில் வந்தால் இரண்டாம் வகுப்பு என்று போகும். இன்றும் வகுப்பறையில் இதே எண்கள்தான். வெட்டும் பள்ளம் பெட்டி மாதிரி இருக்க வேண்டும். அடி தட்டையாக, சுவர் நேராக, உள்ளே கொஞ்சம் அகன்று. ஏனென்றால் அமால்கம் பல்லில் ஒட்டாது. தச்சர் போடும் புறாவால் இணைப்பு மாதிரி பூட்டிக்கொண்டு நின்றால்தான் உண்டு. ஆழமும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டராவது வேண்டும். மெல்லிசாகப் போட்டால் அமால்கம் நொறுங்கும்.

இதோடு ஒரு விதி சேர்ந்தது. சொத்தை இருக்கும் இடத்தோடு நிற்காமல், அந்தப் பல்லில் இனிமேல் சொத்தை வரக்கூடிய பள்ளங்களையும் இடுக்குகளையும் இப்போதே வெட்டி, நாக்கும் உணவும் உரசிச் சுத்தமாகும் இடம்வரை ஓரத்தைக் கொண்டுபோய்விட வேண்டும். நல்ல பல்லைச் சேர்த்து வெட்டுவதா என்று இன்று நமக்குத் திடுக்கென்று இருக்கிறது. அன்று ஃபுளோரைடு பற்பசை கிடையாது, எக்ஸ்ரே கைக்கு வரவில்லை, இடுக்கில் வந்த சொத்தையை ஆரம்பத்தில் பார்க்க வழியில்லை. அடைத்த இடத்தைச் சுற்றி இரண்டே வருஷத்தில் மறுபடி சொத்தை வந்து ஆள் திரும்பி வருவார். அந்த நிலைமையில், கையிலிருந்த பொருளை வைத்துக்கொண்டு, பல்லைக் காப்பாற்ற அதுதான் சிறந்த டிசைன். எனக்கு இதில் சந்தேகமில்லை.

குறை எங்கே என்றால், விலை என்ன என்று கணக்குப் பார்க்கும் கருவி அவர் காலத்தில் இல்லை. 1989-இல் ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள், பிடுங்கிய முன்கடைவாய்ப் பற்களில் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டி அளந்தார்கள். நடுப்பள்ளத்தில் மட்டும் வெட்டினால் பல்லின் விறைப்பு சுமார் 20 சதவீதம் குறைகிறது. முன் ஓரம், பின் ஓரம் இரண்டையும் சேர்த்து வெட்டினால் 63 சதவீதம். அந்த ஓர வரப்புகள்தான் பல்லின் பீம். வரப்பை வெட்டிய வயலில் தண்ணீர் நிற்காது, வரப்பை வெட்டிய பல்லும் கடியைத் தாங்காது. அப்பாவின் முறுக்குக்குக் காரணம் எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததும்தான் புரிந்தது.

பிளாக் 1891-இல் சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1897-இல் அதன் தலைவரானார். சாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார். அதற்குச் சற்று முன்பு அயோவா பல்கலைக்கழகத்திலும் கொஞ்ச காலம் பாடம் நடத்தினார். அதே அயோவாவில் 1915-இல் பட்டம் பெற்றவர்தான் வங்காளத்து ரஃபியுதீன் அகமது. அவர் ஊர் திரும்பி 1920-இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். பல் அடைக்கும் முறைகளைப் பற்றி மாணவர் கையேடும் 1928-இல் எழுதினார். பிளாக்கின் பெட்டி நம் நாட்டுக்கு வந்த வழிகளில் அதுவும் ஒன்று. நம்ம புதுச்சேரியில் கோரிமேட்டுப் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்தது 1990-இல்தான்.

கடைசிக் காலத்தில் கிழவர் சும்மா இருக்கவில்லை. கொலராடோ மலைப்பகுதியில் பிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர், ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை இருப்பதைப் பார்த்துக் காரணம் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். பெரிய டாக்டர்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிளாக் கண்டுகொண்டார். எழுபது வயதைத் தாண்டியவர், 1909-இல் நேரிலேயே போய்ப் பார்த்தார். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நண்பர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமானால் பல் அப்படித்தான் கறை பிடிக்கும். அன்று அது தெரியாது. கறை பிடித்த அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருப்பது மட்டும் அவர்கள் கண்ணில் பட்டது. விடை தெரிவதற்குள் 1915 ஆகஸ்டு 31-ஆம் தேதி பிளாக் காலமானார். பதினாறு வருஷம் கழித்து 1931-இல் ஒரு அலுமினியக் கம்பெனியின் ரசாயன நிபுணர் சர்ச்சில் தண்ணீரைச் சோதித்து ஃபுளோரைடு என்றார்.

பின்னால், அளவான ஃபுளோரைடு ஆரம்பச் சொத்தையைத் தடுத்து எனாமலை மறுபடி கெட்டிப்படுத்தும் என்று தெரிந்து, அது பற்பசைக்கு வந்தது. வரப்போகும் சொத்தைக்குப் பயந்து நல்ல பல்லை வெட்டும் தேவை குறைந்தது. தம் விதியைத் தேவையில்லாமல் செய்யப்போகிற பொருளைத் தேடித்தான் கிழவர் கடைசி ஆறு வருஷம் அலைந்திருக்கிறார். அவருக்கே தெரியாது.

மற்ற பாதி வேலையைச் செய்தவர்கள் வேறு இருவர். 1955-இல் புவனகோர் என்பவர், இரும்பில் பெயின்ட் பிடிப்பதற்கு முன்னால் பாஸ்பாரிக் அமிலம் தடவுவார்களே, அதையே எனாமலில் தடவிப் பார்த்தார். எனாமல் நுண்ணிய பள்ளங்களாகி பிசின் பிடித்துக்கொண்டது. 1962-இல் போவன் என்பவர் கண்ணாடித்தூள் கலந்த புது வகைப் பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். காம்போசிட் என்கிறோமே, அது. நம்ம கான்கிரீட் மாதிரிதான்: ஜல்லிக்குப் பதில் கண்ணாடித்தூள், சிமென்டுக்குப் பதில் பிசின், இரண்டையும் பிணைக்க சிலேன். பல் நிறத்திலேயே வருவதால் முதலில் முன்பல்லுக்கு மட்டும். 1970, 80-களில் கடைவாயில் வைத்துப் பார்த்தபோது சீக்கிரம் தேய்ந்துபோனது. தூளை நுணுக்கி, அளவைக் கூட்டி, பல்லின் உள்படலமான டென்டினில் பிடிக்கும் பசையையும் சரிசெய்த பிறகுதான் கடைவாய்க்குத் தைரியமாக வந்தது.

பொருளே ஒட்டிக்கொள்கிறது என்றால் பூட்டு எதற்கு, பெட்டி எதற்கு? எனக்குச் செய்ததைச் சொல்கிறேன். சொத்தை எவ்வளவோ அவ்வளவுதான் சுரண்டினார் அந்த டாக்டரம்மா. ஒரு மிளகு அளவுகூட இல்லை. ஓர வரப்பைத் தொடவில்லை. ஆழமான சொத்தையாக இருந்தால் நரம்புக்குப் பக்கத்தில் கொஞ்சம் மெத்தென்ற பகுதியை விட்டுவைத்தே மூடிவிடுவோம், எல்லாவற்றையும் தோண்டி நரம்பைத் திறப்பதைவிட அது மேல் என்றார். பல்லைச் சுற்றி ரப்பர் தாள் மாட்டினார்; 1864-இல் பார்னம் கண்டுபிடித்த அதே உத்தி. எச்சில் ஒரு சொட்டுப் பட்டாலும் பசை பிடிக்காது. அமிலம் வைத்துச் சில விநாடியில் கழுவி, பசை தடவி, காம்போசிட்டை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் நீல விளக்கு காட்டினார். இறுகும்போது இதுவும் இரண்டு மூன்று சதவீதம் சுருங்கும். அதனால்தான் மொத்தமாக அள்ளி அடைப்பதில்லை. பிளாக் மைக்ரோமீட்டரில் துரத்திய அதே சுருக்கம், ஆள் மாறி வந்திருக்கிறது! பக்கத்தில் சொத்தையாகாத பள்ளங்களை வெட்டாமல் மெல்லிய பிசினால் மூடிவிட்டார்.

இதிலும் கஷ்டம் இல்லாமலில்லை. நேரம் பிடிக்கும், கை சுத்தம் வேண்டும், காசும் கூட. ஈறுக்குக் கீழே ரத்தம் கசியும் இடத்தில் காம்போசிட் பிடிக்காது. சிலருக்குச் சில நாள் கூச்சம் இருக்கும். இந்தப் பொருளைப் போடும் முறையைச் சரியாகக் கற்காதவர் கையில், பழைய அமால்கமே மேல். ஆனாலும் அமால்கத்துக்குக் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. அதில் ஏறக்குறைய பாதி பாதரசம். 2013-இல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கை அதைக் குறைக்கச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து, மிக அவசியமான கேஸ் தவிர, நிறுத்தியேவிட்டது. மின்சாரமும் நீல விளக்கும் இல்லாத முகாம்களுக்குக் கண்ணாடி அயனோமர் என்ற இன்னொரு ஒட்டும் பொருள் இருக்கிறது. கைக்கருவியால் சுரண்டிவிட்டு அதை வைத்து அழுத்தலாம். எங்க ஊர் மாதிரி ஊர்களுக்கு அது நல்ல வழி என்பது என் அபிப்பிராயம்.

சிகாகோவின் லிங்கன் பூங்காவில் பிளாக்குக்கு 1918-இல் சிலை வைத்தார்கள். அவர் தலைமை தாங்கிய கல்லூரி 2001-இல் மூடப்பட்டுவிட்டது. அவருடைய பெட்டியை இன்றும் முதலாண்டுப் பிள்ளைகள் பிளாஸ்டர் பல்லில் செதுக்கிப் பழகுகிறார்கள். என் டாக்டரம்மாவும் அப்படித்தான் பழகினாராம். வாயில் வெட்டும்போது அதை மறந்துவிட வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார். பிளாக் இன்று இருந்து, கையில் இந்தப் பசையும் இருந்தால், முதல் வேலையாக அதை இழுத்து முறித்துப் பார்த்து எண்ணை எழுதிவிட்டு, தம் புத்தகத்தை அவரே அடித்துத் திருத்தியிருப்பார் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வெளிச்சத்துக்கு இழுத்துப்போய் வாயைத் திறக்கச் சொன்னாள். அப்பாவுக்கு அடைத்தபோது பளபளவென்று தெரிந்ததே, உனக்கு ஒன்றையும் காணோமே, இவ்வளவு காசை வாங்கிக்கொண்டு சும்மா அனுப்பிவிட்டார்களா என்று கேட்டாள். எந்தப் பல் என்று எனக்கே கண்ணாடியில் சரியாகக் காட்டத் தெரியவில்லை.